பிப்ரவரியில் வேலை, அக்டோபரில் பாடம்

பல்கலைக்கழகத்திலோ கல்லூரியிலோ தமிழ் கற்பிக்க விழைவோர் இன்று முதுகலைப் பட்டத்துடன் நெட், செட் போன்ற தகுதித் தேர்வையோ முனைவர் பட்டத்தையோ கடந்து வரவேண்டும். இவற்றுள் ஒன்றும் இல்லாத உ.வே.சாமிநாதையர் 1880 பிப்ரவரியில் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியரானார். அவருக்கு அப்போது வயது ஏறத்தாழ 25.

அப்பதவியில் இருந்தவர் தியாகராச செட்டியார். இருவரும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர்கள். ஓய்வுபெறும் வேளையில் செட்டியார் திருவாவடுதுறைக்கே சென்று, பிரிய மனமில்லாத சுப்பிரமணிய தேசிகரிடம் வற்புறுத்தி இளையவரை அழைத்து வந்தார். கல்லூரி ஆசிரியர்கள் முன்னிலையில் உ.வே.சா. பாடல் சொல்லிப் பொருள் விரித்தார். கேட்டபடி செய்யுளும் இயற்றிக் காட்டினார். வேலை கிடைத்தது.

இம்முறையை எண்ணி ஏங்குவது எளிது. ஆனால் அவ்வாயில் எத்தனை பேருக்குத் திறந்திருந்தது? பெரும்புலவரிடம் பாடம் கேட்கவும் ஆதீனத்தில் தங்கிப் பயிலவும் வாய்த்தவர் மிகச் சிலரே. நம்மில் பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். நமக்காகப் பரிந்து பேச ஒரு செட்டியார் இருந்ததில்லை. பெயரறியாது, எண்ணை மட்டும் பார்த்துத் திருத்தப்பட்ட விடைத்தாளே நம்மை வகுப்பறைக்குள் விட்டது. அந்த நன்றியை மறந்து தேர்வுகளைப் பழிப்பது நமக்கு அழகன்று.

எனினும் கதை பிப்ரவரியோடு முடியவில்லை. அதே ஆண்டு அக்டோபரில், முன்சீபாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரை உ.வே.சா. சந்தித்தார். என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் வினவ, அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணம் என அவர் அடுக்கினார். முதலியார் வியக்கவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்றார். இல்லை. கல்லூரி ஆசிரியர் அந்த நீதிபதிக்கே பாடம் சொல்லும் பொருட்டு, தாம் அறியாத நூலைக் கற்கத் தொடங்கினார். விளங்காத சமயக் கருத்துகளைக் கும்பகோணத்துச் சமணர்களிடம் கேட்டறிந்தார். 1887இல் சிந்தாமணி அச்சேறியது. சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கியது 1932இல். ஆசிரியப் பணியேற்று 52 ஆண்டுகள் கழித்து.

பிப்ரவரித் தேர்வை நாம் ஏதோ ஒரு வகையில் எழுதித் தேறிவிட்டோம். முதலியாரின் கேள்வியை நம்மிடம் யாரும் கேட்பதில்லை. பணி நிலைப்பட்டபின் நாமே நம்மைக் கேட்டுக்கொண்டால்தான் உண்டு.