நிற்கத் தெரியாத கால்கள்

வியன்னாவின் ஹோஃப்பர்க் அரண்மனையில் பேரரசி எலிசபெத்தின் ஒப்பனை அறையைப் பார்க்கப் போகிறவர்கள் அங்கே கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றுவிடுவது வழக்கம். அலங்காரப் பொருள்கள் இருக்கவேண்டிய அறையில் சுவரோடு பொருத்திய மரச்சட்டங்கள், ஒரு கிடைக்கம்பி, மேலிருந்து தொங்கும் வளையங்கள். 'சிசி' என்று ஐரோப்பா செல்லமாக அழைத்த அந்தப் பேரரசி தினமும் அவற்றில் தொங்கிப் பயிற்சி செய்தார். அவருக்குக் கிரேக்கம் கற்பித்த கான்ஸ்டான்டின் கிறிஸ்டோமனோஸ், 1891இல் ஒருநாள் கறுப்புப் பட்டாடையோடு வளையத்தில் தொங்கிய நிலையிலேயே அரசியைக் கண்டதைத் தம் குறிப்புகளில் எழுதிவைத்திருக்கிறார். விருந்தாளிகளைப் பார்க்கப் போகும் முன் கிடைத்த சில நிமிடங்கள்கூட வீணாகக்கூடாது அவருக்கு.

இளமையில் குதிரைச் சவாரி. இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் வேட்டைச் சவாரிக்காகவே பருவம் பருவமாகத் தங்கினார். 1880களில் சவாரியை விட்டதும் நடை பிடித்துக்கொண்டது. மணிக்கணக்கில், மழையானாலும் காற்றானாலும், கூட வருகிறவர் மூச்சிரைக்கும் வேகத்தில் நடந்தார். தோழிகளைத் தேர்ந்தெடுக்கும்போது குலப்பெருமையோடு கால்பலமும் பார்க்கப்பட்டது. சாப்பாடோ பெயருக்குத்தான். எடை பார்ப்பது அன்றாடச் சடங்கு. அரசவை இதையெல்லாம் அழகுப் பித்து என்றது, பிடிவாதம் என்றது, ராணிகளுக்கு உரிய விசித்திரம் என்றது. நோய் என்று நினைக்க யாருக்கும் தோன்றவில்லை.

இறந்து நூறாண்டு ஆனவர்களுக்கு நோய்ப் பெயர் சூட்டுவது எளிது, பெரும்பாலும் பயனற்றது. ஆனால் ஒன்றைக் கவனிக்கலாம். சிசி அயர்லாந்து வயல்களில் குதிரை பாய்ச்சிக்கொண்டிருந்த அதே பத்தாண்டில்தான் லண்டனிலும் பாரிஸிலும் இரண்டு மருத்துவர்கள் உண்ண மறுத்து மெலிந்துபோகும் நோயைப் பெயரிட்டு எழுதினார்கள். ஓயாத ஓட்டம் அந்த முதல் எழுத்திலேயே இருக்கிறது. அதைப் படித்தவர்கள் அதன் மேல் கண்ணை ஓட்டிவிட்டு அடுத்த பத்திக்குப் போனதுதான் இந்த வரலாற்றின் விநோதம்.

லண்டன்காரர் சர் வில்லியம் கல். கைஸ் மருத்துவமனையின் மருத்துவர். 1871இல் வேல்ஸ் இளவரசரை டைஃபாய்டிலிருந்து மீட்ட புகழ் அவருக்கு இருந்தது. 1873 அக்டோபரில் லண்டன் கிளினிக்கல் சொசைட்டியில் அவர் வாசித்த கட்டுரைதான் 'அனோரெக்சியா நெர்வோசா' என்ற பெயரை மருத்துவத்துக்குக் கொடுத்தது. 'மிஸ் ஏ' என்று அவர் குறிப்பிடும் 17 வயதுப் பெண் 1866இல் அவரிடம் வந்தாள். எலும்பும் தோலுமாக மெலிந்திருந்தாள், நாடி மெதுவாக அடித்தது, மாதவிடாய் நின்றுபோயிருந்தது. காசநோயாக இருக்குமோ என்று தேடினார், தடயம் இல்லை. அவரை உண்மையில் வியக்கவைத்தது வேறொன்று: இவ்வளவு தேய்ந்த உடம்பு படுத்துக்கிடக்காமல் சதா துறுதுறுவென்று அலைந்தது. இத்தனை உழைப்பை இந்த உடம்பு எப்படித் தாங்குகிறது, அதுவும் விரும்பித் தாங்குகிறது என்று அவர் பதிவு செய்தார். 1888இல் லான்செட் இதழில் அவர் எழுதிய 14 வயதுச் சிறுமியும் அப்படித்தான். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும் நிலையிலும் அவள் நடப்பதை விடவில்லை.

பாரிஸில் சார்ல் லசேக் இதை இன்னும் நுட்பமாகப் பார்த்தார். அவருடைய கட்டுரை கல்லின் கட்டுரைக்குச் சில மாதங்கள் முன்னதாக, 1873 ஏப்ரலில் வந்துவிட்டது. பட்டினி இந்தப் பெண்களைச் சோர்வாக்கவில்லை, மாறாக உடம்பு லேசாகிவிட்டதாக உணர்கிறார்கள், குதிரை ஏறுகிறார்கள், ஊர்சுற்றுகிறார்கள், முன்பு களைப்பாக இருந்த காரியங்கள் இப்போது களைப்பாக இல்லை என்று அவர் எழுதினார். வீட்டில் நடப்பதையும் அவர் விடவில்லை. முதலில் பிடித்த பண்டமாகச் செய்து வைப்பார்கள், பிறகு கெஞ்சுவார்கள், அதன்பின் அதட்டுவார்கள். அவர்கள் எவ்வளவு வற்புறுத்துகிறார்களோ அவ்வளவு இறுகிப்போவாள் பெண். கொஞ்ச நாளில் வீடு முழுக்க அவள் தட்டைச் சுற்றியே பேச்சு. 150 ஆண்டு பழைய பிரெஞ்சு வீடு என்றாலும், 'ஒரு வாய் மட்டும்' என்று தட்டோடு பின்னால் அலைந்த எந்த அம்மாவுக்கும் இதைப் புரியவைக்க வேண்டியதில்லை.

இவர்கள் இருவருக்கும் ஏறக்குறைய இருநூறு ஆண்டு முன்பே ஒரு சாட்சி இருக்கிறது. ரிச்சர்ட் மார்ட்டன் என்ற ஆங்கில மருத்துவர் உடல் உருக்கும் நோய்களைப் பற்றி 1689இல் லத்தீனில் எழுதிய நூலில், காய்ச்சலோ இருமலோ இல்லாமல் மெலிந்துகொண்டே போன இரண்டு இளையவர்களைச் சொல்கிறார். ஒருத்தி இராப்பகலாகப் புத்தகமே கதி என்று கிடந்தவள், மருந்தை மறுத்து மூன்று மாதத்தில் இறந்தாள். இன்னொருவன் 16 வயதுப் பையன், ஒரு போதகரின் மகன். படிப்பைவிட்டுக் கிராமத்துக்குப் போ, பால் குடி, குதிரைச் சவாரி செய் என்று அனுப்பினார் மார்ட்டன். பையன் பெருமளவு தேறினான். இந்த நோயின் பதிவான முதல் ஆண் நோயாளி பிழைத்துக்கொண்டான் என்பதும், மருந்துச்சீட்டில் சவாரி இருந்தது என்பதும் பின்னால் நடந்ததோடு சேர்த்துப் பார்க்கும்போது வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

பின்னால் நடந்தது ஒரு நீண்ட வழிதவறல். 1914இல் ஹாம்பர்க் நோயியலாளர் மோரிஸ் சிம்மண்ட்ஸ், பிட்யூட்டரி சுரப்பி அழிந்து உடம்பு வற்றிப்போன ஒரு நோயை விவரித்தார். உடனே மெலிந்த பெண்களெல்லாம் சுரப்பி நோயாளிகள் ஆனார்கள். ஏறக்குறைய கால் நூற்றாண்டு அவர்களுக்குப் பிட்யூட்டரி சாறு ஊசியாகப் போனது. சுரப்பி கெட்டவர் சோர்ந்து படுத்திருப்பார்; இந்தப் பெண்களோ மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த ஒரு வித்தியாசமே போதுமாக இருந்திருக்கும்.

பட்டினி தன்னளவில் மனிதனை என்ன செய்யும் என்பதற்கு இரண்டாம் உலகப்போர் ஒரு கடுமையான விடையைத் தந்தது. போரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் 1944 நவம்பரில் மினசோட்டா பல்கலைக்கழக விளையாட்டரங்கின் அடியிலிருந்த ஆய்வுக்கூடத்துக்குத் தாங்களாக வந்தார்கள். ஆன்செல் கீஸ் 24 வாரங்கள் அவர்களை அரைப்பட்டினியில் வைத்தார். வாரம் 22 மைல், அதாவது சுமார் 35 கிலோமீட்டர், நடந்தே ஆகவேண்டும் என்பதும் நிபந்தனை. சில வாரங்களிலேயே நடை அவர்களுக்குத் தண்டனையாகிவிட்டது. படியேற மலைத்தார்கள். சிரிப்பு போயிற்று, நட்பு போயிற்று. சமையல் புத்தகங்களை வாங்கிக் குவித்து வரிவரியாகப் படித்தார்கள். உணவின் மேலிருந்த இந்தப் பித்து அனோரெக்சியா நோயாளிகளிடமும் உண்டு. சோர்வு மட்டும்தான் ஒத்துப்போகவில்லை. பட்டினி கிடந்த சாதாரண மனிதன் உட்கார இடம் தேடினான். நோயாளி எழுந்து நடந்தாள்.

அந்த முடிச்சை அவிழ்க்க எலிகள் உதவின. 1967இல் ரூட்டன்பர்க், குஸ்னெசாஃப் என்ற இரு ஆய்வாளர்கள் எலிகளுக்கு நாளைக்கு ஒரு மணி நேரம் மட்டும் தீனி வைத்தார்கள். கூண்டில் சக்கரம் இல்லாத எலிகள் அந்த ஒரு மணி நேரத்தில் தின்றுவிட்டு எப்படியோ சமாளித்தன. சக்கரம் இருந்தவை நாளுக்கு நாள் அதிகமாக ஓடின, தீனி எதிரே இருந்தும் குறைவாகத் தின்றன, மெலிந்து செத்தன. கண்ணாடியில் தன்னைப் பார்த்துப் பருமன் என்று கவலைப்படும் எலி கிடையாது. ஓட்டமும் பட்டினியும் சேர்ந்தால் ஒன்றையொன்று தூண்டும் சுழல் உடம்புக்குள்ளேயே இருக்கிறது என்று தெரிந்தபின், 'வீம்பு', 'அழகுப் பித்து' என்ற பழைய விளக்கங்கள் கொஞ்சம் கூசிப்போயிருக்க வேண்டும். ஓயாத அலைச்சல் இந்நோயின் அடிப்படை அடையாளம் என்று ஓர் ஆய்வுக்கட்டுரை தலைப்பிலேயே சொன்னது 1978இல். கல் பார்த்ததற்கு நூறாண்டு கழித்து.

ஆனால் அது வந்த நேரம் சரியில்லை. அமெரிக்கா அப்போது ஓடிக்கொண்டிருந்தது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஃபிராங்க் ஷார்ட்டர் மாரத்தான் வென்றதிலிருந்து தெருவெல்லாம் ஓட்டக்காரர்கள். ஜிம் ஃபிக்ஸ் ஓட்டத்தைப் பற்றி எழுதிய புத்தகம் 1977இல் விற்பனையில் கொடிகட்டிப் பறந்தது. மனநல மருத்துவர் வில்லியம் கிளாசர் ஓட்டத்தை நல்ல போதை என்றே சொல்லிப் புத்தகம் போட்டார். எச்சரித்தவர்கள் இல்லாமல் இல்லை. 1970இல் ஃபிரெடரிக் பேக்லாண்ட் என்பவர் பயிற்சியை ஒரு மாதம் நிறுத்தினால் தூக்கம் என்னாகும் என்று ஆராய ஆள் தேடினார். தினமும் பயிற்சி செய்கிறவர்கள் எவ்வளவு பணம் தருவதாகச் சொன்னாலும் நிறுத்தச் சம்மதிக்கவில்லை. கடைசியில் வாரம் மூன்று நான்கு நாள் மட்டும் செய்கிறவர்களை வைத்து ஆய்வை முடித்தார். ஆய்வின் முடிவைவிட அவருக்குக் கிடைக்காத ஆட்கள்தான் பெரிய சேதி. வில்லியம் மார்கன் 1979இல் எழுதியது அவர்களைப் பற்றி: கால் எலும்பில் விரிசல் விட்டபின்னும், வேலையும் குடும்பமும் கைவிட்டுப் போனபின்னும் ஓடுகிறவர்கள்.

1983 பிப்ரவரியில் அரிசோனாவைச் சேர்ந்த மனநல மருத்துவர் அலெய்ன் யேட்ஸும் அவருடைய சகாக்களும் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் நேரடியாகவே கேட்டார்கள்: ஓடியே ஆகவேண்டும் என்று ஓடும் நடுவயது ஆணும் உண்ண மறுக்கும் இளம்பெண்ணும் ஒரே வார்ப்பா? ஓட்டக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். மறு ஆய்வுகள் வந்தன. பெரும்பாலான ஓட்டக்காரர்கள் மனநலத்தில் நோயாளிகளைப் போல இல்லை என்று காட்டின. அது சரியும்கூட. ஆனால் சிலரைப் பற்றிய கேள்விக்குப் பலரைக் காட்டிப் பதில் சொன்னதில் அந்தச் சிலர் மறுபடி மறைந்துபோனார்கள். அதே பிப்ரவரி 4ஆம் தேதி பாடகி கேரன் கார்ப்பெண்டர் 32 வயதில் இறந்தார். அனோரெக்சியா என்ற சொல் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது அந்த மரணத்தால்தான். போய்ச் சேர்ந்த சித்திரத்தில் சாப்பாடு மறுத்த பெண் இருந்தாள், ஓட்டம் இல்லை.

விளையாட்டு உலகம் பாடம் கற்றது மரணங்களால். அமெரிக்க ஜிம்னாஸ்ட் கிறிஸ்டி ஹென்ரிக் 1988 ஒலிம்பிக் அணியில் இடத்தை 0.118 புள்ளியில் தவறவிட்டவர். ஒரு நடுவர் எடையைக் குறை என்று சொன்னதிலிருந்து நோய் தொடங்கியதாகக் குடும்பம் சொன்னது. 1994 ஜூலையில் 22 வயதில் போய்விட்டார். 1997 இறுதியில் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்தில் மூன்று இளைஞர்கள் எடைப்பிரிவுக்குள் வருவதற்காக உடம்பை வற்றவைக்கும் முயற்சியில் ஐந்து வாரங்களுக்குள் இறந்தார்கள். ரப்பர் உடையும் நீராவி அறையும் அதன்பிறகே தடைசெய்யப்பட்டன. 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகட் 100 கிராம் கூடுதலால் இறுதிப்போட்டியை இழந்தபோது, எடைக்கு முந்தைய இரவு மல்யுத்தத்தில் எப்படிக் கழியும் என்பதை இந்தியா முழுவதும் தெரிந்துகொண்டது.

பனிச்சறுக்குத் தாண்டலில் வேறுவிதமாக யோசித்தார்கள், எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் புத்திசாலித்தனமாகப் படுகிறது. லேசான உடம்பு தூரம் பறக்கும் என்பதால் வீரர்கள் எலும்பாகிக்கொண்டிருந்தார்கள். அறிவுரை எடுபடவில்லை. 2004இல் சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு விதியைத் திருத்தியது: உயரத்துக்கு ஏற்ற எடை இல்லாதவருக்குச் சறுக்குப் பலகையின் நீளம் குறைக்கப்படும். பலகை குட்டையானால் காற்றில் தாங்கும் பரப்பு போய்விடும். மெலிவதில் இருந்த லாபத்தையே விதி பறித்துக்கொண்டது.

மருத்துவப் பக்கத்தில், பார்பரா டிரிங்க்வாட்டர் 1984இல் மாதவிடாய் நின்ற இளம் வீராங்கனைகளின் எலும்பு வயதானவர்களுடையது போல இளைத்திருப்பதைக் காட்டினார். மாதவிடாய் நிற்பது கடும்பயிற்சியின் சான்றிதழ் என்று சில பயிற்சியாளர்கள் பெருமைப்பட்ட காலம் அது. 2014இல் ஒலிம்பிக் கமிட்டி ஆண்களையும் சேர்த்து, உழைப்புக்கு ஏற்ற உணவு கிடைக்காத உடம்பின் சீர்கேடு என்று இதைப் பொதுவாக வரையறுத்தது. 'எவ்வளவு பயிற்சி அதிகம்' என்ற கேள்விக்கு மணிக்கணக்கில் விடை கிடையாது என்பதும் மெல்லத் தெளிந்தது. அமெரிக்க மனநோய்க் கையேட்டின் 1994 பதிப்பு பார்க்கச் சொன்னவை வேறு: முக்கியமான காரியங்களைத் தள்ளிவைத்துச் செய்கிறாரா, பொருந்தாத நேரத்திலும் இடத்திலும் செய்கிறாரா, அடிபட்டபின்னும் விடாமல் செய்கிறாரா. ஆஸ்திரேலியாவின் ஜொனாதன் மாண்ட் 2006இல் அதோடு ஒன்றைச் சேர்த்தார். ஒருநாள் விட்டுப்போனால் வரும் குற்றவுணர்வுதான் செய்த பயிற்சியின் அளவைவிட நம்பகமான அடையாளம்.

இந்தியப் பதிவு ஒன்று இங்கே குறுக்கே வந்து நிற்கிறது. 1995இல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் ஐந்து இளம்பெண்களைப் பற்றி எழுதினார்கள். சாப்பிட மறுத்தார்கள், ஓயாமல் வாந்தி எடுத்தார்கள், மிகவும் மெலிந்தார்கள். ஆனால் பருமனாகிவிடுவோம் என்ற பயமும் இல்லை, கல் வியந்த அந்த அலைச்சலும் இல்லை. வயிற்றுக் கோளாறு என்றே பல இடங்களில் வைத்தியம் பார்க்கப்படக்கூடிய நிலை. ஓட்டத்தை நோயாகப் பார்க்கத் தவறியது மேற்கின் பிழை என்றால், ஓட்டம் இல்லாவிட்டால் நோயே இல்லை என்று முடிவுகட்டுவது நமக்கு நேரக்கூடியது. இன்றைய நம் ஊர் ஜிம்களுக்கு அந்த ஐந்து பேர் சாட்சி சொல்லமாட்டார்கள் என்பதும் உண்மை.

சிகிச்சையின் கதை படுக்கையில் தொடங்கியது. நேரம் தவறாமல் உணவு, கதகதப்பு, ஓய்வு, உறவினர்களை அண்டவிடாத செவிலி: இது கல்லின் முறை. உறவினரும் நண்பர்களும்தான் பொதுவாக மிக மோசமான கவனிப்பாளர்கள் என்ற அவருடைய கருத்து நூறாண்டு ஆட்சி செய்தது; 1980களில் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனைதான் பெற்றோரையே சாப்பாட்டு மேசையின் பொறுப்பாளராக்கி அதைத் தலைகீழாக்கியது. நடமாட்டத்தைப் பொறுத்தவரை வெகுகாலம் தடை ஒன்றே வழி. கழிவறைக்குப் போகவும் அனுமதி கேட்கவேண்டிய வார்டுகள் இருந்தன. போர்வைக்குள் காலை ஆட்டிக்கொண்டே கிடந்தவர்களும் இருந்தார்கள். 1970இல் பென்சில்வேனியாவில் ஆல்பர்ட் ஸ்டங்கர்டின் குழு தடையையே பேரமாக மாற்றியது: இன்று காலை எடை கூடியிருந்தால் வெளியே போய் நடக்கலாம். எடை கூடியது. எதை அடக்கப் பார்த்தார்களோ அதையே பரிசாகக் கொடுத்ததில் ஒரு சங்கடமும் இருந்தது; நடை எவ்வளவு விலைமதிப்பானது என்று நோயாளிக்கு மருத்துவமனையே சொல்லிக்கொடுத்தது.

அந்தச் சங்கடத்துக்கு ஒரு விடை 2004இல் அதே மாநிலத்தின் ஃபிலடெல்பியாவிலிருந்து வந்தது. ரென்ஃப்ரூ மையத்தில் ரேச்சல் கலோஜீரோவும் கெல்லி பெட்ராட்டியும் நோயாளிகளை மேற்பார்வையில் சேர்ந்து பயிற்சி செய்யவைத்தார்கள். உடம்பை நீட்டி வளைப்பது, நிலைகள், விளையாட்டு. ஒவ்வொன்றும் முடிந்ததும் உடம்பு எப்படி உணர்ந்தது என்று பேச்சு. பயிற்சி செய்தால் எடை குறையும் என்ற அச்சத்துக்கு மாறாக, சேர்ந்துகொண்ட அனோரெக்சியா நோயாளிகளுக்குச் சேராதவர்களைவிட எடை அதிகமாகவே கூடியது.