சுருதி காத்த கல்

வானொலிப் பெட்டியின் முள்ளைத் திருப்பி ஒரு நிலையத்தில் நிறுத்துகிறோம். மறுநாள் காலையிலும் அந்நிலையம் அதே இடத்தில்தான் இருக்கிறது. இதில் வியப்பதற்கு என்ன உண்டு என்று நீங்கள் கேட்கலாம். நிரம்ப உண்டு. ஒலிபரப்புத் தொடங்கிய காலத்தில் நிலையங்கள் இவ்வாறு ஓரிடத்தில் அடங்கி நின்றதில்லை. அவற்றை நிற்கவைத்தது ஒரு கல். நம் பெரியோர் மாலையாகக் கோத்து அணியும் ஸ்படிகமே அது. மேனாட்டார் அதனைக் குவார்ட்ஸ் என்பர்.

ஒவ்வொரு நிலையமும் விநாடிக்கு இத்தனை அதிர்வுகள் என்று வரையறுத்த கணக்கில் அலையை எழுப்புகிறது. அக்கணக்கே அதிர்வெண். பாட்டுக்குச் சுருதி எவ்வாறோ, அவ்வாறே ரேடியோவுக்கு அதிர்வெண். வால்வு எனப்படும் வெற்றிடக் குழாயுடன் கம்பிச் சுருளையும் மின்தேக்கியையும் இணைத்து, இடையறாத அலையை எழுப்ப 1913-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கற்றுக்கொண்டனர். ஆனால் வெப்பம் ஏறினால் சுருள் விரியும். விரிந்தால் சுருதி இறங்கும். வால்வு பழையதானாலும், மின்னழுத்தம் ஏறி இறங்கினாலும் இதே கதிதான். இரண்டு நிலையங்களின் அலைகள் இவ்வாறு நகர்ந்து நெருங்கிவிட்டால், அவற்றின் அதிர்வெண்களுக்கு இடையேயுள்ள வேறுபாடு ஒரு சீழ்க்கையாகக் காதைத் துளைக்கும். அமெரிக்காவில் இக்குழப்பம் 1926-இல் உச்சத்தை எட்டியது. அலைவரிசையை ஒதுக்கிக் கட்டுப்படுத்தும் அதிகாரம் அரசுக்கு இல்லை என்று ஆகிவிடவே, நிலையங்கள் தாம் விரும்பிய இடங்களுக்குத் தாவின. 1927-இல் ஒரு சட்டம் செய்தனர். சட்டம் இடத்தை ஒதுக்கலாம். ஒதுக்கிய இடத்தில் அலையை நிறுத்தி வைக்கச் சட்டத்தால் ஆகுமா? அதற்குத்தான் கல் வேண்டியிருந்தது.

அக்கல்லின் இயல்பு அதற்கு நெடுநாள் முன்னரே அறியப்பட்டதே. பாரிஸ் நகரில் 1880-இல் ழாக் கியூரி, பியேர் கியூரி என்னும் சகோதரர்கள், குவார்ட்ஸை அழுத்தினால் அதன் பரப்பில் மின்சாரம் தோன்றுவதைக் கண்டனர். ரேடியம் கண்ட மேரி அம்மையாரைப் பின்னாளில் மணந்தவரே இந்தப் பியேர். மின்சாரத்தைச் செலுத்தினால் கல் சுருங்கி விரியவேண்டும் என்று லிப்மன் 1881-இல் கணித்துக் கூற, சகோதரர்கள் அதனையும் சோதித்து உறுதி செய்தனர். பின்னர் முதல் உலகப் போர்வரை இவ்வுண்மைக்குப் பெரும் பயன் ஏதும் நேரவில்லை. அப்போரில் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடும் பொருட்டுப் பிரெஞ்சு விஞ்ஞானி லான்ஜெவின் குவார்ட்ஸைக் கொண்டு கடலுக்குள் ஒலியலைகளை அனுப்பினார்.

அத்தகைய போர்க்கால ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தவர் அமெரிக்கப் பேராசிரியர் வால்ட்டர் கேடி. இசைக்கவையைத் தட்டினால் அது தனக்குரிய சுருதியில் மட்டுமே ஒலிக்கும் என்பதை அறிவீர்கள். (ரப்பரில் தட்டாமல் மேசை விளிம்பில் தட்டும் மாணவர்களைக் கண்டித்தே என் பணிக்காலத்தில் பாதி கழிந்தது!) குவார்ட்ஸ் தகடும் அத்தகையதே. அதற்கென்று ஒரு சுருதி உண்டு. அதனினும் சற்றே விலகிய அதிர்வைக்கூட அது ஏற்காது. இத்தகட்டை வால்வோடு இணைத்து, அலையைக் கல்லின் சுருதிக்குக் கட்டுப்படுத்தலாம் என்று கேடி 1921-இல் காட்டினார். 1923-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பியர்ஸ், ஒரே வால்வைக்கொண்டு அதனை எளிதாக்கினார். இன்று பெருவழக்காக உள்ள முறையில் வெட்டிய ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள தகடு, விநாடிக்கு 16 லட்சம் முறைக்கு மேல் அதிர்கிறது. கனம் குறையக் குறைய அதிர்வெண் ஏறும். இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் தேவைப்படும்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினர் தம் ரேடியோக்களில் பெரும்பாலானவற்றை ஸ்படிகத்தை நம்பியே அமைத்தனர். துணிச்சலான முடிவு அது. ஏனெனில், தகுதியான பெரிய கற்கள் பிரேசில் நாட்டிலிருந்தே வரவேண்டும். கடலிலோ பகைவரின் நீர்மூழ்கிகள் திரிந்தன. விமானத்திலும் கல்லைக் கொணர்ந்தனர். டாங்கிகளில் பொருத்திய ஒருவகை ரேடியோவுக்கு 80 அலைவரிசைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தனித் தகடு. அவற்றுள் பத்தை முன்கூட்டியே அமைத்துக்கொண்டு, பொத்தானை அழுத்தி மாற்றிக்கொள்ளலாம். குலுங்கியோடும் இரும்புக் கூட்டினுள், குண்டு விழும் நேரத்தில், முள்ளைத் திருப்பித் தேடிக்கொண்டிருக்க எவனால் முடியும்? போருக்கு முன் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் தகடுகள் செய்துவந்த நாடு, கோடிக்கணக்கில் செய்யத் தலைப்பட்டது.

அப்போதுதான் அந்த ஆபத்து வந்தது. பட்டறையில் சோதித்துச் சரியென்று முத்திரையிட்டு அனுப்பிய தகடுகள், சில மாதங்கள் கழித்துப் போர்முனையில் எடுத்துப் பொருத்தும்போது ஊமையாகிக் கிடந்தன; பேசியவற்றிலும் பலவற்றின் அதிர்வெண் மேலே ஏறியிருந்தது. பெட்டிக்குள் சும்மா கிடந்த கல் எவ்வாறு கெடும்? 1943-இல் இது படையினரை உலுக்கிய கேள்வி. தளபதியின் கட்டளை டாங்கிக்கு எட்டாமற்போனால் என்ன நேரும் என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

காரணம் கல்லின் தோலில் இருந்தது. தகட்டைக் கடினமான பொடியிட்டுத் தேய்த்தே வேண்டிய கனத்துக்குக் கொண்டுவந்தனர். அத்தேய்ப்பினால் பரப்பில் கண்ணுக்குப் புலனாகாத வெடிப்புகள் நிறைந்த ஒரு மெல்லிய படலம் உண்டாயிற்று. ஈரமும் வெப்பமும் பட்டபோது அப்படலத்தின் துகள்கள் பிடிப்பு விட்டுத் தளர்ந்தன. தளர்ந்த துகள் அதிர்வை விழுங்கியது; உதிர்ந்த துகள் தகட்டை மெலியச் செய்தது. மெலிந்தால் அதிர்வெண் ஏறும் என்று முன்னர்ச் சொன்னேன் அல்லவா? பரிகாரமும் எளிதாகவே அமைந்தது. தேய்ப்பைச் சற்று முன்னதாகவே நிறுத்திவிட்டு, கண்ணாடியையே கரைக்கும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் போன்றதொரு கரைசலில் தகட்டை இட்டு, இறுதிக் கனத்துக்கு அரித்தெடுத்தனர். சிதைந்த படலம் கரைந்து, நல்ல கல் வெளிப்பட்டது. அவ்வாறு முடித்த தகடுகள் நிலைத்து நின்றன. அதுவே பின்னர் விதியாயிற்று. போர் வரலாற்று நூல்கள் பீரங்கிகளுக்கு ஒதுக்கும் பக்கங்களில் ஒன்றையேனும் இவ்வமிலத் தொட்டிக்கு ஒதுக்கியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

ரேடாரின் கதை வேறு வகையானது. 1940 பிப்ரவரியில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ரேண்டல், பூட் என்னும் இருவர் புதுவகை மாக்னெட்ரானை இயக்கிக் காட்டினர். ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் நீளமுள்ள குற்றலைகளைப் பேராற்றலுடன் எழுப்ப வல்லது அது. ஆயினும் அதற்கு ஒரு குறை உண்டு. ஒவ்வொரு துடிப்பையும் அது தன் மனம்போன நிலையில் தொடங்கும். முன்னைத் துடிப்புக்கும் பின்னைத் துடிப்புக்கும் ஒழுங்கான தொடர்பு இராது. எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தை அளக்க இது போதும். ஆனால் மலையின் எதிரொலிக்கு நடுவே பறந்து வரும் விமானத்தைப் பிரித்தறிவது எப்படி?

அசையும் பொருளில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் மாறும். டாப்ளர் விளைவு என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். எவ்வளவு மாறும் என்று கணக்கிடுவோம். 10 சென்டிமீட்டர் அலை விநாடிக்கு 300 கோடி முறை அதிர்வது. விநாடிக்கு 150 மீட்டர் வேகத்தில் நேரே நம்மை நோக்கி வரும் விமானம் அதில் உண்டாக்கும் மாற்றம் 3,000 அதிர்வுகளே. அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. நம் அலையே அவ்வளவு தடுமாறினால், அசையாத மலையும் பறப்பதாகத் தோன்றும்! மாசசூசெட்ஸில் இயங்கிய போர்க்கால ஆய்வுக்கூடத்தில் இதற்கு ஓர் உபாயம் வகுத்தனர். மாக்னெட்ரான் துடிப்பைத் தொடங்கிய நிலையை, தடுமாறாத ஒரு சிறு அலையியற்றி பற்றிக்கொண்டு, எதிரொலி வரும்வரை நினைவில் வைத்திருந்து ஒப்பிடும்.

போருக்குப் பின் வழியே தலைகீழாயிற்று. வேரியன் சகோதரர்கள் 1937-இல் அமைத்த கிளிஸ்ட்ரான் என்னும் குழாய் பேராற்றல் பெருக்கியாக வளர்ந்தது. முதலில் ஸ்படிகத்தைக் கொண்டு நிலையான சிற்றலையை எழுப்பி, அதன் அதிர்வெண்ணைப் படிப்படியாகப் பெருக்கி, இறுதியில் கிளிஸ்ட்ரானில் ஆற்றலூட்டி அனுப்பினர். அதிர்வெண்ணைப் பெருக்கும்போது கல்லின் நடுக்கமும் உடன் பெருகும். ஆகவே நடுக்கமற்ற கல்லுக்கு மதிப்பு மிகுந்தது. பிரேசிலையே எதிர்பார்த்திராமல், எஃகுக் கலத்தில் காரக் கரைசலிட்டு, பேரழுத்தத்தில் கல்லைப் பயிர்போல வளர்க்கும் தொழில் 1950-களின் இறுதியில் வணிக அளவுக்கு வந்தது.

கல்லினும் உறுதியான அளவுகோலை அணுவில் கண்டனர். 1955-இல் இங்கிலாந்தில் எஸ்ஸென், பாரி இருவரும் சீசிய அணுக் கடிகாரத்தை இயக்கினர். 1967-இல் ஒரு விநாடி என்பது சீசியத்தின் 9,192,631,770 அதிர்வுகள் என்று வரையறுக்கப்பட்டது. ஆயினும் அக்கடிகாரத்திலும் ஸ்படிகம் வேலை செய்கிறது. கல் எழுப்பிய அதிர்வைப் பெருக்கி அணுக்களின்முன் வைக்கின்றனர். அணுக்கள் அதனை ஏற்றுக்கொண்டால் சரி; ஏற்காவிடில், ஏற்கும்வரை கல்லின் சுருதியைக் கருவியே திருத்திக்கொண்டிருக்கிறது.