உடுப்புச் சின்னம் அசலா, போலியா?

வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு வீட்டு டிரங்குப் பெட்டியில், போருக்குப் போய் வந்த பாட்டனாரின் துணிச் சின்னம் ஒன்று கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சிவப்புக் கேடயம், அதில் கீழ்நோக்கிய வாள். 1943-இல் அமைக்கப்பட்டுப் பர்மாவில் ஜப்பானியரை எதிர்த்த 14-ஆவது ராணுவத்தின் அடையாளம் அது. கண்டெடுத்தவர் முதலில் என்ன செய்வார்? அழுக்காக இருக்கிறதே என்று சோப்புத் தூளில் அலசிக் கொடியில் போடுவார். அதோடு ஒரு நல்ல சாட்சியம் போயிற்று!

உலகப் போர்ச் சின்னங்களைச் சேர்ப்பவர்கள் உலகெங்கும் உண்டு. ஆகவே போலிகளும் உண்டு. ஜெர்மனியில் நேதாஜியின் முயற்சியால் உருவான இந்தியப் படையணியினர் மூவர்ணத்தில் பாயும் புலி பொறித்த சின்னத்தைக் கையில் அணிந்தனர். அவர்கள் சில ஆயிரம் பேரே. ஆனால் அச்சின்னத்தின் பெயரால் பின்னாளில் செய்து விற்கப்பட்டவை ஏராளம்.

போலியைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் நூல்தான். கடைகளில் ரூபாய் நோட்டைச் சோதிக்கும் ஊதா விளக்கைப் பார்த்திருப்பீர்கள். அதன் அடியில் புதிய வெள்ளை நூலைப் பிடித்தால் பளீரென்று நீலமாக ஒளிரும். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தரும் வெண்மையூட்டிகள் அதில் இருப்பதே காரணம். இவை துணி ஆலைகளில் பரவியது போருக்குப் பின்னர்தான். எனவே 1944-ஐச் சேர்ந்தது என்று சொல்லப்படும் சின்னத்தின் நூல் ஒளிர்ந்தால் ஐயப்பட வேண்டும். ஆனால் இன்றைய சோப்புத் தூளிலும் இதே பொருள் சேர்க்கப்படுகிறது! ஒரு முறை அலசினால் அசலும் போலியைப் போலவே ஒளிரும். பாட்டி காலத்து நீலத்தால் இந்தத் தொல்லை இல்லை. மறுபுறம், ஒளிராததெல்லாம் அசல் என்றும் கொள்ளலாகாது. பழைய நூலைத் தேடிப் பிடித்துத் தைப்பவர்களும் இருக்கிறார்கள்.

பின்புறத்தில் தொங்கும் ஓர் இழையை மட்டும் எடுத்துக் கொளுத்திப் பார்க்கலாம். (தீக்குச்சிக்கு நம் பக்கம் பஞ்சமில்லை, பட்டாசு இருக்கும் இடத்தில் மட்டும் வேண்டாம்.) பருத்தி காகிதம் போல் எரிந்து சாம்பலாகும். கம்பளியில் மயிர் கருகும் நாற்றம் வரும். உருகிக் கெட்டி மணியாக உறைந்தால் பாலியெஸ்டராக இருக்கலாம். அது இங்கிலாந்தில் 1941-இல் கண்டுபிடிக்கப்பட்டாலும் கடைத்தெருவுக்கு வந்தது 1950-களில்தான்.

தையல் கோணலாக இருப்பது குற்றமன்று. போர்க்காலத்தில் கடைத்தெருத் தையற்காரர்களே பல சின்னங்களைத் தைத்துக் கொடுத்தார்கள். இம்மி பிசகாத இயந்திரத் தையல்தான் யோசிக்க வைக்க வேண்டும். தேயிலைச் சாயத்தில் முக்கிப் பழசாக்கிய துணியில், மடிப்பின் உள்ளும் புறமும் ஒரே பழுப்பாக இருக்கும். உண்மையில் பழசானதில் மடிப்புக்குள் பழைய நிறம் ஒளிந்திருக்கும்.

மகுடம் உள்ள சின்னமானால் வேலை எளிது. போர்க்கால மகுடத்தின் வளைவுகள் நடுவில் உயர்ந்து நிற்கும். நடுவில் பள்ளம் விழுந்த மகுடம் எலிசபெத் அரசியார் காலத்தில், 1950-களில் வந்தது. இந்தியாவோ 1950 ஜனவரி 26-இல் குடியரசாகி, ராணுவத்தில் மகுடம் இருந்த இடத்தில் அசோகச் சிங்கத்தை வைத்துவிட்டது. பள்ளம் விழுந்த மகுடத்தோடு 'இரண்டாம் உலகப் போர் இந்தியச் சின்னம்' என்று ஒன்று வந்தால் விலை கேட்கவே வேண்டாம்.

வெம்பக்கோட்டை அகழாய்வு 2022-இல் தொடங்கியது. அங்கே ஒரு மணி கிடைத்தாலும் எந்தக் குழி, எவ்வளவு ஆழம், அருகில் என்ன இருந்தது என்று குறித்த பிறகே எடுத்தார்கள். டிரங்குப் பெட்டியும் அப்படி ஒரு குழிதான். சின்னத்தோடு டிஸ்சார்ஜ் சர்டிபிகேட், கடிதம், பழைய புகைப்படம் என எது கிடந்தாலும் கிடந்தபடியே படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு சின்னத்தைத் தண்ணீர் காட்டாமல், வெளுக்காத காடாத் துணியில் சுற்றி, அந்தக் காகிதங்கள் உள்ள பெட்டியிலேயே வையுங்கள்.