நோர்வேயில் முதல் வேட்டைத் துவக்கு: குறைந்த செலவில் வாங்க நினைப்பவர்களுக்கு

துவக்கு வாங்கப் போகிறேன் என்று சொன்ன பிறகு மனைவி இரண்டு நாட்கள் என்னோடு கதைக்கவில்லை. "துவக்குக்குப் பயந்துதானே ஊரை விட்டு வந்தனாங்கள். இப்ப நீங்களே காசு குடுத்து அதை வீட்டுக்குள்ள கொண்டு வரப் போறியளோ?" என்பதுதான் அவவின் கேள்வி. நியாயமான கேள்வி.

1980களின் பிற்பகுதியில் வட நோர்வேயின் பின்மார்க் பகுதி மீன் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்த தமிழர்களில் நானும் ஒருவன். அங்கு எம்மோடு நின்ற நோர்வேஜியர்கள் இலையுதிர் காலம் வந்ததும் லீவு போட்டுவிட்டுக் காட்டுக்குப் போவார்கள். குளிர்பெட்டி நிறைய இறைச்சியோடு திரும்புவார்கள். அன்று அது எமக்கு வேறொரு உலகம். இன்று என் மகன் ஒரு வேட்டைக் குழுவில் இருக்கிறான், நானும் கூடப் போகிறேன். அறிந்தவர்கள் சிலர் எந்தத் துவக்கு நல்லது, எவ்வளவு முடியும் என்று கேட்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

விலையைப் பார்க்க முதல் உங்களைப் பாருங்கள். 1987 இல் எங்கள் வளவுக்குள் விழுந்த செல்லோடு எனது வலது காது பாதி போய்விட்டது. இத்தனை வருடம் கழித்து அதெல்லாம் ஆறிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். சூட்டுப் பயிற்சித் திடலில் பக்கத்தில் நின்றவர் முதல் வெடி வைத்தபோது நான் நிலத்தில் குந்தியிருந்தேன். எப்போது குந்தினேன் என்று எனக்கே தெரியாது. மூன்று வாரம் சும்மா போய்ப் பார்த்துக்கொண்டு இருந்த பின்னர்தான் துவக்கைக் கையில் எடுத்தேன். ஊர்களில் இருக்கும் சுடுநர் சங்கங்களில் அனுபவசாலிகளின் மேற்பார்வையில் இரவல் துவக்கால் சுட்டுப் பார்க்கலாம். ஒரு சதமும் செலவழிக்க முன்னர் அதைச் செய்யுங்கள். அந்தச் சத்தம் உங்களைப் பழைய இடத்துக்குக் கொண்டு போகிறது என்றால் வாங்காதீர்கள். குழுவில் துவக்கு இல்லாதவர்களுக்கும் வேலை இருக்கிறது: நாயைக் கொண்டு போவது, இறைச்சியை உரித்து வெட்டுவது, சுமப்பது. எங்கள் குழுவிலேயே அப்படி ஒரு தமிழர் இருக்கிறார். இறைச்சிப் பங்கில் அவருக்கு ஒரு குறையும் இல்லை.

அடுத்தது சட்டம். வேட்டைக்காரர் தேர்வில் சித்தியடைய வேண்டும். அதற்கு 30 மணித்தியால வகுப்பு இருக்கிறது. தேர்வில் 50 கேள்விகள், 40 சரியாக இருக்க வேண்டும். மொழி கொஞ்சம் கடினம். விலங்குகளின் பெயர்களை நான் மகனிடம்தான் பாடமாக்கினேன். றைபிள் வாங்க 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், பொலிஸாரின் அனுமதியும் வேண்டும். குடிப்பழக்கம், நம்பகத்தன்மை எல்லாம் பார்ப்பார்கள். அனுமதி கிடைக்கும் வரை துவக்கு விற்பவரிடமே இருக்கும்.

எல்க், மரை போன்ற பெரிய மான்களைச் சுடுவதற்கு ஒவ்வொரு வருடமும் தனியாக ஒரு சூட்டுத் தேர்வு இருக்கிறது. முதலில் 30 பயிற்சி வெடிகள். பின்னர் 100 மீற்றரில் ஐந்து வெடிகள், ஐந்தும் 30 சென்ரிமீற்றர் வட்டத்துக்குள் விழ வேண்டும். இதை இங்கே சொல்வதற்குக் காரணம், உங்கள் காசில் கணிசமான பங்கு ரவைக்குத்தான் போகும். மலிவான ரவை கிடைக்காத துவக்கு மலிவான துவக்கு இல்லை.

அதனால் ரவையின் அளவை முதலில் தீர்மானியுங்கள். எல்க் சுடும் ரவையின் குண்டு குறைந்தது 9 கிராம் இருக்க வேண்டும் என்பது சட்டம். இங்கே மூன்று அளவுகள் எந்தக் கடையிலும் கிடைக்கும்: 6.5x55, .308, .30-06. முதலாவது 1894 இல் நோர்வே இராணுவம் எடுத்துக்கொண்ட கிராக் துவக்கின் அளவு. தோளில் உதை குறைவு. எம்மைப் போன்ற மெல்லிய உடம்புக்காரருக்கு இதையே நான் சொல்வேன். .308 உம் நல்லது, ரவை வகைகள் கூட. .30-06 உதைக்கும், பழகியவர்களுக்கு விடுங்கள்.

துவக்கு கையால் இழுத்து ரவை ஏற்றும் போல்ற் வகையாக இருக்கட்டும். அரைத் தானியங்கி வகைகள் விலையும் கூட, சட்டச் சிக்கலும் கூட. 2011 யூலை 22 இல் உத்தோயா தீவில் 69 பேரைக் கொன்றவனிடம் அப்படி ஒன்று இருந்தது. பின்னர் ஒஸ்லோவின் துணை மேயரான ஹம்சாயினி குணரத்தினம் அன்று அந்தத் தீவிலிருந்து நீந்தித் தப்பியவர். அந்த நாளுக்குப் பிறகு இந்த நாட்டில் அவ்வகைத் துவக்குகளை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை எமது ஆட்கள் விளங்கிக்கொள்ள வேண்டும்.

பாவித்ததை வாங்குங்கள். பின்லாந்தில் செய்யும் ரிக்கா இங்கே பரவலாகப் பாவனையில் இருக்கிறது, பத்து வருடம் பழையதும் நேராகவே சுடும். இன்னும் மலிவாகப் பழைய மவுசர் கிடைக்கும். 1945 இல் ஜேர்மன் படை சரணடைந்தபோது விட்டுப்போன துவக்குகளை நோர்வே இராணுவம் எடுத்து, குழல் மாற்றி .30-06 ஆக்கிப் பாவித்தது. அவற்றில் பல பின்னர் வேட்டைக்காரர் கைக்கு வந்தன. கடைக்காரர் அப்படி ஒன்றைக் காட்டினார். ஆக்கிரமித்த படையின் துவக்கு இப்போது மான் சுடுகிறது. நெடுநேரம் கையில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். பாரம் கூட, தொலைநோக்கி பூட்டுவதற்கும் தனியாகச் செலவழிக்க வேண்டும்.

பாவித்ததை வாங்கும்போது துவக்கு வேலை தெரிந்த ஒருவரிடம் குழலின் உட்புறத்தைக் காட்டுங்கள். வாய்ப்பக்கம் அடிபட்டிருந்தால் வேண்டாம். தோளில் வைத்துப் பாருங்கள். இங்குள்ள துவக்குகளின் பிடங்கு உயரமானவர்களுக்காக அளவெடுத்தது. எனக்கு இரண்டு சென்ரிமீற்றர் வெட்ட வேண்டி வந்தது.

நான் ஒதுக்கியது 20,000 குரோணர். பாவித்த ரிக்கா தொலைநோக்கியோடு 9,000, அலுமாரி 4,500, சத்தம் குறைக்கும் குழாய் 3,000, மிச்சம் காதுக் கவசத்துக்கும் ரவைக்கும். அந்தக் குழாய் இங்கே சட்டப்படியானது, கட்டாயம் வாங்குங்கள். ஆனாலும் காதுக் கவசத்தைக் கழற்றக் கூடாது. என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு காது.

அலுமாரி அங்கீகரிக்கப்பட்ட இரும்பு அலுமாரியாக இருக்க வேண்டும். பொலிஸார் முன்கூட்டி அறிவித்துவிட்டு வந்து பார்க்கலாம். அனுமதி இல்லாத எவருக்கும் திறப்பு எட்டக் கூடாது. மனைவி கேட்டது ஒன்றுதான்: சாமி அறைக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. நிலக்கீழ் அறைச் சுவரில் போல்ற் போட்டு இறுக்கியிருக்கிறேன்.

எல்க் வேட்டை செப்ரெம்பர் 25 இல் தொடங்கும். பொலிஸ் அனுமதிக்கு எவ்வளவு காலம் எடுக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. வேட்டைக்கு ஒரு மாதம் இருக்கையில் பயிற்சித் திடல்களில் வரிசை நீளும். வகுப்பைக் குளிர்காலத்தில் முடித்துவிட்டு, பனி உருகும்போது விண்ணப்பித்துவிடுங்கள்.