சேன் மாலோவில் இரண்டு நாள்

பாரீசிலிருக்கும் மகன், சென்ற கோடையில் எங்களை இரண்டு நாள் சேன் மாலோவுக்கு அழைத்துப் போனான். பிரெஞ்சு நாட்டின் பழைய துறைமுகம். 1944 போரில் பெரும்பகுதி அழிந்து, கருங்கல்லால் பழையபடியே திரும்பக் கட்டிய ஊர். மதில்மேலேயே ஊரைச் சுற்றி வரலாம். என் முழங்காலுக்குப் பாதிச் சுற்றுதான் வாய்த்தது.

லா பூர்தொனே 1699இல் பிறந்தது இங்கேதான். 1746 செப்டம்பரில் ஆங்கிலேயரிடமிருந்து சென்னப்பட்டணத்தைப் பிடித்தவர். பதினோரு லட்சம் வராகனுக்கு அதைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டார். நம் புதுச்சேரி கவர்னர் துய்ப்ளே சம்மதிக்கவில்லை. சச்சரவு தீருமுன் அக்டோபர்ப் புயலில் அவருடைய கப்பல்கள் நாசமாயின. ஐப்பசிக் கடலின் குணத்தை நம் மீனவரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்குத் துய்ப்ளே வீரர், இவர் கைக்கூலி வாங்கியவர். பரீட்சையில் அப்படியே பிரெஞ்சில் எழுதி நல்ல மார்க்கும் வாங்கினேன். பஸ்தீல் சிறையில் இரண்டு வருஷத்துக்கு மேல் அடைத்து வைத்து, 1751இல் குற்றமற்றவர் என்று விடுவித்ததை யாரும் சொல்லித் தரவில்லை. உடம்பு கெட்டு 1753இல் போய்விட்டார். துய்ப்ளேயும் 1763இல் கடனோடுதான் செத்தார்.

மதில்மேல் உட்கார்ந்து மகனிடம் இதைச் சொன்னேன்.

"அந்த மார்க்கைத் திருப்பிக் கொடுக்கப் போறீங்களாப்பா?" என்றான்.