வெப்பமும் அளவுச் சங்கிலியும்

1802ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திலே சென்னைப் பரங்கிமலையின் அருகே வில்லியம் லாம்டன் ஏழரை மைல் நீளமான அடிக்கோடொன்றை அளக்கத் தொடங்கினார். தென்னிந்தியாவின் முக்கோண அளவீட்டுக்கும் புவியின் வடிவத்தைக் கணிப்பதற்கும் அக்கோடு ஆதாரமாயிற்று. அவர் கையாண்டது 100 அடி நீளமுள்ள உருக்குச் சங்கிலி. வெப்பநிலை 10 பாகை செல்சியசு உயரின் அச்சங்கிலி ஏறத்தாழ ஓர் அங்குலத்தின் ஏழிலொரு பங்கு நீளும். இவ்வழு சிறிதெனத் தோன்றலாம். ஆயின் சங்கிலியை 400 முறை இடும்போது அது நாலரை அடியாகப் பெருகும். ஆகவே சங்கிலியை மரப்பெட்டிகளிற் கிடத்தி, வெப்பமானிகளின் வாசிப்புக்கேற்ப நீளத்தைத் திருத்தினர்.

அக்காலத்து அறிஞர் பலர் வெப்பத்தைப் பொருளினுட் புகுந்து துணிக்கைகளை விலக்கும் நுண்ணிய பாய்பொருளெனக் கருதினர். பீரங்கி துளைக்கும்போது உராய்வினால் வெப்பம் இடையறாது பிறத்தலை 1798இல் ரம்போர்ட் பிரபு எடுத்துக்காட்டியும் அக்கருத்து உடனே நீங்கவில்லை. சூடேறும் திண்மத்தில் துணிக்கைகள் தாம் பருப்பதில்லை. அவற்றின் அதிர்வு மிகுதலால் சராசரி இடைத்தூரமே கூடுகின்றது என்பது நெடுங்காலத்தின் பின்னரே தெளிவாயிற்று.

இதற்கிடையில், 1831இல் கல்கத்தா அடிக்கோட்டை அளக்க ஜோர்ஜ் எவரெஸ்ட் இரும்பும் பித்தளையும் இணைந்த ஈடுசெய் கோல்களைப் பயன்படுத்தினார். அவ்விரு உலோகங்களும் வெவ்வேறளவில் விரிதலைக் கொண்டே கோலின் குறிகளுக்கிடையேயான தூரம் மாறாது காக்கப்பட்டது. காரணம் தெளியுமுன்னரே விளைவை நுணுகி அளந்து, அதனைத் தம் பணிக்கு இசைவித்தமையே இவ்வளவையாளரின் சாதனையாகும்.