களரியும் முதுமையும்

முதுமையின் பெருந்துயரம், தாம் எவருக்கும் வேண்டாதவராகிவிட்டோம் என்னும் எண்ணமே. உழைக்கும் மக்களின் நாட்டுக்கூத்து அத்துயருக்கு இடந்தரவில்லை. ஆடும் பருவம் கடந்தவர் அண்ணாவியாராகி மத்தளத்துடன் களரியில் நின்றார். பாட்டும் தாளமும் ஆட்டமும் அவரிடமிருந்தே இளையோரைச் சேர்ந்தன. 1962இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் ‘கர்ணன் போர்’ கூத்தை மேடையேற்றியபோது, பட்டப்படிப்பு மாணவர் மட்டக்களப்புக் கிராமத்து அண்ணாவியாரிடமே ஆடப் பயின்றனர்.

தீவகத்துக் கோயில் வீதிகளும் கூத்துக் கண்டவையே. 1990இல் மீண்டும் மூண்ட போர் வேலணை உள்ளிட்ட தீவக மக்களை இடம்பெயரச் செய்தது. வீடுகளோடு ஊர்கூடும் வாழ்வும் சிதறியது. பிள்ளைகள் கடல் கடந்தனர்; பெற்றோர் பலர் தனித்தனர். பசிக்கு நிவாரணம் வந்தது. தனிமைக்கு மருந்து வரவில்லை.

அம்மருந்து பற்றி மருத்துவ உலகம் ஒரு குறிப்புத் தருகிறது. 2003இல் வெளியான நியூயோர்க் ஆய்வொன்று, 75 வயதைக் கடந்த 469 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து நோக்கியது. அடிக்கடி நடனமாடியோரிடம் மறதிநோய் குறைவாகக் காணப்பட்டது. நடனமே காரணமென்று அவ்வாய்வு அறுதியிடவில்லை. ஆயினும் நினைவு, தாளம், கூடிவாழ்தல் ஆகிய மூன்றும் நமது களரியில் ஒருங்கே உள்ளன.

ஆசிரியர்களே, பாடசாலைக் கூத்துப் பயிற்சிக்கு ஊரின் முதியோரை அழையுங்கள். இரக்கத்தால் அன்று, அவர்கள் கற்பிக்க, நம் மாணவர் கற்பதற்காக.